கவுனியா, வரகா, கேப்பையா: செட்டிநாட்டு அடுப்புக்கு எந்தப் பழைய தானியம்?

காரைக்குடியில் பெரிய மளிகைக் கடை எதற்குப் போனாலும் இப்போது ஒரு தட்டு முழுக்கப் பழைய தானியம்தான். கறுப்புக் கவுனி அரிசி, வரகரிசி, தினை, சாமை, குதிரைவாலி, கேப்பை என்கிற கேழ்வரகு மாவு, ஓரத்தில் வெளிநாட்டுக் கினோவா பாக்கெட் ஒன்று. வீட்டில் பெரியவர் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும். வெள்ளைச் சோற்றை ஒரு வேளையாவது குறைக்கச் சொல்லியிருப்பார்கள். மருமகள் ஒன்றை வாங்கச் சொல்வார், மாமியார் இன்னொன்றைச் சொல்வார், பிள்ளைகள் எதுவுமே வேண்டாம் என்பார்கள். கடைசியில் எல்லாவற்றிலும் அரைக் கிலோ வாங்கி, பாதியை வண்டுக்குக் கொடுப்பதுதான் நடக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருந்துக்குக் கவுனி. மதியச் சோற்றுக்கு வரகு. காலைக்கும் பிள்ளைகளுக்கும் கேப்பை. ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் வரகு. தினையைப் பலகாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், மற்றவை இருந்தால் இருக்கட்டும்.

எது அதிகப் பழசு என்று பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் வந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் நாம் குறைக்க நினைக்கும் அரிசியே மூவாயிரம் வருஷத்துப் பழசு. சத்துப் பட்டியலை மட்டும் வைத்தும் முடிவெடுக்கக் கூடாது, அதற்குக் காரணம் பிறகு சொல்கிறேன். யார் சமைக்கப் போகிறார்கள், எவ்வளவு நேரம் பிடிக்கும், நம் வீட்டுக் குழம்போடு சேருமா, ஆறிப்போனால் எப்படி இருக்கும், இதையெல்லாம் கேட்டால்தான் வாங்கியது டப்பாவில் கிடக்காமல் இலைக்கு வரும்.

கவுனியில் தொடங்குவோம். இந்தப் பக்கத்தில் அதற்கு இருக்கும் மரியாதை வேறெந்தத் தானியத்துக்கும் இல்லை. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீட்டு விசேஷத்தில் இலையில் ஊதாக் கறுப்பாக ஒரு கரண்டி விழாவிட்டால் ஆச்சிமார் முகம் மாறிவிடும். கவுனி பர்மாவிலிருந்து வந்தது என்பதுதான் வீட்டுக்கு வீடு சொல்லும் வரலாறு. அந்தப் பேச்சுக்குப் பின்னால் பெரிய கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. 1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐராவதிக் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் போட்ட விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கச் செட்டிநாட்டிலிருந்து கப்பலேறினார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அரிசி ஏற்றுமதி இன்னும் பெருகியது. 1930-ல் நெல் விளையும் முக்கியமான 13 மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. உலக மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல் அடமான நிலமெல்லாம் வந்து சேர, 1937-ல் அது 25 பங்கு ஆனது. கொடுத்தது பணம், திரும்பி வந்தது நிலம். 1942-ல் ஜப்பானியப் படை நுழைந்தபோது போட்டது போட்டபடி கிளம்பி, பலர் மலையும் காடும் நடந்தே வந்தார்கள். 1948-க்குப் பிறகு அந்த நிலமும் நாட்டுடைமைச் சட்டத்தில் போயிற்று. வீட்டுப் பட்டாலையில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் ஒரு மிச்சம் என்றால், பந்தியில் விழும் இந்த அரிசி இன்னொன்று. ரங்கூன் புட்டும் பெயரில் அந்த ஊரை வைத்திருக்கிறது, ஆனால் அது ரவையில் செய்வது.

சமைக்கப் பொறுமை வேண்டும். முதல் நாள் இரவே கழுவி ஊறப்போட வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைத்தால்தான் நிறம் நிற்கும். ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர், குக்கரில் ஏழெட்டு விசில். எடுத்து நசுக்கினால் மசிய வேண்டும். அதன் பிறகுதான் சர்க்கரை. வேகாத அரிசியில் சர்க்கரை போட்டுவிட்டால் அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் பருக்கை விறைத்தபடியே நிற்கும். சூட்டோடு கரண்டியால் மசித்து, தேங்காய்ப்பூ, நெய், ஏலக்காய் சேர்த்தால் முடிந்தது. வெல்லம் போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை, கவுனிக்கென்று இருக்கும் மெல்லிய வாசத்தை வெல்லம் அமுக்கிவிடுகிறது.

வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்புக் கவுனி என்று விற்பதெல்லாம் ஒன்றல்ல. வெந்தால் ஒட்டிக்கொள்ளும் ரகம் ஒன்று, உதிரியாக நிற்கும் ரகம் ஒன்று. இனிப்புக்கு ஒட்டும் ரகம்தான். உதிரி ரகம் கஞ்சி, இட்லி, தோசைக்கு நன்றாக இருக்கும், அதில் இனிப்பு செய்தால் தனித்தனியாக ஓடும். சாயம் ஏற்றியதோ என்ற சந்தேகத்தில் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறார்கள். நல்ல கவுனியிலும் தண்ணீர் ஊதாவாகத்தான் மாறும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்தத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து பாருங்கள். நாவற்பழத்தில் இருக்கும் ஆந்தோசயனின் நிறமிதான் இதிலும் இருக்கிறது, புளிப்புப் பட்டதும் ஊதா இளஞ்சிவப்பாகத் திரும்பும். ஒரு மணியைக் கடித்து உடைத்தால் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும், கறுப்பு மேல் தவிட்டில் மட்டும்தான்.

சரி, இது அன்றாடத்துக்கு ஆகுமா? எனக்குத் தெரிந்து ஆகாது. நம்முடைய பேர்போன கவுனி, சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் சேர்ந்த இனிப்பு. சர்க்கரைக்காரருக்காகக் கவுனி வாங்கி அதில் கால் கிலோ சீனியைக் கொட்டுவதில் என்ன லாபம்? கஞ்சியாகவோ தோசையாகவோ செய்தால் சரிதான், ஆனால் இரவே நினைவாக ஊறப்போட வேண்டும், கேஸ் கூடச் செலவாகும், விலையும் பொன்னி அரிசியைப்போல இரண்டு மூன்று மடங்கு. பாரம்பரியக் கவுனி உயரமாக வளர்ந்து, அறுவடைக்கு ஐந்து மாதம்வரை எடுத்துக்கொள்ளும் பயிர். நாள் குறைவாக இருக்கட்டும் என்றுதான் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ 57 என்ற கறுப்பு ரகத்தைக் கொண்டுவந்திருக்கிறது. அது பரவினால் விலை இறங்கலாம், அதுவரை நாள் கிழமைக்கு வைத்துக்கொள்வோம்.

வரகு கடல் தாண்டி வந்ததில்லை. இந்த நாட்டிலேயே காட்டுப் புல்லாக இருந்து, ஏறக்குறைய மூவாயிரம் வருஷத்துக்கு முன் பயிரானது. இது நம் மண்ணுக்குத் தோதானது. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துச் சரளைச் செம்மண், கண்மாய்த் தண்ணீர் ஏறாத மேட்டுப் புஞ்சை, ஐப்பசி கார்த்திகையை மட்டும் நம்பிய மழை, இவ்வளவு போதும் அதற்கு. ஆடியில் விதைத்தால் நான்கு மாதத்தில் அறுவடை. இன்று அந்தப் புஞ்சைகளில் பாதி தைலமரக் காடாகக் கிடக்கிறது என்பது வேறு வயிற்றெரிச்சல்.

புறநானூற்றில் மாங்குடி கிழார் பாட்டு ஒன்று, வரகு, தினை, கொள்ளு, அவரை இந்த நான்கைத் தவிர வேறு உணவு இல்லை என்று அடித்துச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது வரகு. கோயில் கோபுரக் கலசத்துக்குள் இடும் தானியமும் பெரும்பாலும் இதுதான். கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் எடுத்துப் புதிதாக நிரப்புவார்கள். தோலோடு இருக்கும் வரகு பூச்சி பிடிக்காமல் வருஷக்கணக்கில் கிடக்கும் என்பது காரணம். அந்தத் தோல்தான் அதற்கு வினையும் ஆயிற்று. அடுக்கடுக்கான கெட்டித் தோல், களிமண் பூசிய திரிகையில் போட்டுச் சுற்றி, புடைத்து, மறுபடி உரலில் குத்தி எடுக்க வேண்டும். பொழுது சாயும்வரை குத்தினாலும் ஒரு வீட்டுக்கு ஒரு நாள் சோறுதான் தேறும். காரைக்குடியை அடுத்த புதுவயல் ஊரில் ரைஸ் மில்கள் வந்து நெல்லை நொடியில் அரிசியாக்கிக் கொடுத்தபோது எந்தப் பெண் வரகைக் குத்திக்கொண்டிருப்பாள்? வரகு ருசியால் தோற்கவில்லை, உலக்கையால் தோற்றது. இப்போது அதற்கும் இயந்திரம் வந்து, கடையில் வரகரிசியாகவே கிடைக்கிறது. அந்த ஒரு தடை நீங்கியபின் அதை ஒதுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

சமைப்பது சுலபம். அரை மணி நேரம் ஊறினால் போதும். ஒரு டம்ளருக்கு இரண்டேகால் டம்ளர் தண்ணீர், தண்ணீர் கொதித்த பிறகு அரிசியைப் போட்டு, வற்றி வரும்போது தீயைக் குறைத்து மூடி, இறக்கிவைத்துப் பத்து நிமிஷம் தொடாமல் விட வேண்டும். எங்கள் வீட்டில் சமைக்கிற அக்கா, “வரகு கொதிக்கயில கண்ண எடுக்காதீக தம்பி, குழைஞ்சா களி, விட்டா மணலு” என்பார். அது உண்மைதான், பச்சரிசி மாதிரி மன்னிக்கிற தானியம் இல்லை. குக்கரில் வைத்தால் குழைந்துவிடும், அதைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்ளலாம். இட்லிக்கு வரகு நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு.

வரகை நான் முன்னால் வைப்பதற்குக் குழம்பும் ஒரு காரணம். நம் ஊர்க் குழம்புகள் காரமும் எண்ணெயும் கூடினவை. பூண்டுக் குழம்பு, வத்தக் குழம்பு, நாட்டுக்கோழிக் குழம்பு எதுவானாலும் வரகுச் சோறு உள்ளே இழுத்துக்கொள்ளும், தன் வாசத்தைக் குறுக்கே கொண்டுவராது. தினையில் அப்படி இல்லை, அதன் இலேசான கசப்பு குழம்புக்கு மேலே தெரியும். ரசத்துக்கு வரகு சுமார்தான். தயிருக்கு, கூடவே கொஞ்சம் பாலும் விட்டுக் குழையப் பிசைந்தால்தான் இறங்கும். ஔவை பாடிய வரகரிசிச் சோறும் கத்தரிக்காயும் புளித்த மோரும் நினைவிருக்கும். நம் அடுப்பில் அந்தச் சேர்க்கைக்குக் கத்திரிக்காய்க் கோசமல்லி இருக்கிறது. வரகுப் பொங்கலும் கோசமல்லியும் ஞாயிறு காலைக்கு வைத்துப் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஆறினால் விறைக்கும், ஆபீஸ் டப்பாவுக்கு நல்லதல்ல. இன்னொன்று, கொஞ்சம் பெரிய விஷயம். அறுவடை நேரத்தில் மழை பிடித்து ஈரத்தோடு கிடந்த வரகில் பூஞ்சை ஏறினால், அது உண்டாக்கும் சைக்ளோபியசோனிக் அமிலம் என்ற நஞ்சு தலைசுற்றலும் வாந்தியும் கொண்டுவரும். 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் வரகுக் கொல்லையை மேய்ந்த யானைகளில் 10 செத்தபோது, அவற்றின் உடலில் கிடைத்ததும் இந்த நஞ்சுதான். பயந்து ஓட வேண்டியதில்லை. நன்றாகக் காய்ந்த, முகர்ந்தால் ஈரவாடை அடிக்காத, கறுப்புப் புள்ளி விழாத வரகரிசியாகப் பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று நனைந்த மூட்டையை எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

கேப்பை, அதாவது கேழ்வரகு, கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்துப் பயிர். அங்கிருந்து இந்தியாவுக்கு வந்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆகிவிட்டதால் யாரும் அதை வெளியூர்க்காரனாக நினைப்பதில்லை. ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழே அதில்தான். வரகுக்கு இருக்கும் கெட்டித் தோல் இதற்குக் கிடையாது, அப்படியே திரித்து மாவாக்கலாம். தவிடு நீக்கி வெளுப்பாக்க முடியாது என்பதால் கடைக்காரர் நம்மை ஏமாற்ற வழி குறைவு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட பட்டியலில் 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம். வெள்ளை அரிசியில் அது 8-ஐக்கூட எட்டவில்லை. வளரும் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த ஒரு எண்ணே போதும்.

ஆனால் அது சோறாக வராது. களி, கூழ், அடை, புட்டு, இடியாப்பம், எல்லாமே மாவு. நாளைக்கு ஒரு வேளை சோற்றுக்குப் பதிலாக என்று கேட்டு வருகிறவர் பெரும்பாலும் குழம்பு ஊற்றிப் பிசைய ஏதாவது வேண்டும் என்றுதான் கேட்கிறார், களி உருண்டையைக் கண்டதும் பின்வாங்கிவிடுவார். அதனால்தான் இதைக் காலைக்குத் தள்ளினேன். முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்ட கேப்பை அடைக்குப் பிள்ளைகள் மறுப்புச் சொல்வதில்லை. கேப்பை இடியாப்பத்துக்கு மாவை வறுத்து, கொதிக்கும் வெந்நீர் விட்டுப் பிசைய வேண்டும், கால் பங்கு அரிசி மாவு சேர்த்தால் அறுந்து விழாது. கூழ் வெயில் காலத்துக்கு, மோர்மிளகாயோடு. ஆனால் சர்க்கரைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரைத்துக் காய்ச்சிய கஞ்சி, மென்று தின்னும் சோற்றைவிடச் சீக்கிரம் ரத்தத்தில் சேரும். சிறுதானியக் கஞ்சி என்று பெரிய டம்ளரில் காலையும் மாலையும் குடித்துவிட்டுச் சர்க்கரை ஏறிவிட்டதே என்றால், குற்றம் தானியத்துடையது அல்ல.

தினைக்கு வருவோம். அதைப் பயிராக்கியவர்கள் வட சீனத்துக்காரர்கள், ஏறக்குறைய எட்டாயிரம் வருஷத்துக்கு முன். நமக்கோ அது வள்ளி கிளி ஓட்டிய புனத்துப் பயிர், முருகனுக்குத் தேனும் தினைமாவும். குன்றக்குடி மலையடிவாரத்திலும், தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார் கூட்டத்திலும் போய் அது சீனத்துச் சரக்கு என்று சொல்லிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மூன்று மாதத்துக்குள் விளைந்துவிடும், புரதம் மற்ற சிறுதானியங்களைவிடச் சற்றுக் கூடுதல். மாவாக வறுத்து வெல்லமும் நெய்யும் சேர்த்து உருட்டினால் அருமை. கந்தரப்பத்தில் பாதி பச்சரிசிக்குப் பதிலாகப் போட்டால் மொறுமொறுப்புக் கூடும். சோறாக வைத்தால் நாலு நாளில் வீட்டில் புரட்சி வெடிக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாமை வரகுக்கு நல்ல மாற்று, பருக்கை சிறியது, ரசத்துக்கும் தயிருக்கும் வரகைவிட நன்றாகப் போகும். வயதானவர்கள் மெல்ல முடியவில்லை என்றால் சாமைக்கு மாறுங்கள். குதிரைவாலி வெள்ளையாக இருப்பதால் பார்த்தவுடன் பிடிக்கும், தண்ணீர் அதிகம் இழுக்கும். கம்பங்கூழ் எனக்கு உயிர், ஆனால் தைராய்டு தொந்தரவு உள்ளவர்கள் கம்பைத் தினமும் எடுக்கும்முன் மருத்துவரைக் கேட்பது நல்லது. கினோவா ஆண்டிஸ் மலைக்காரர்களின் அருமையான பயிர், 2013-ஐ ஐ.நா. அதற்கென்றே கொடுத்தது. மேலே கசக்கும் சபோனின் பூச்சு போக நன்றாகக் கழுவித்தான் வேகவைக்க வேண்டும். பெருவிலும் பொலிவியாவிலும் அது சூப்பில் மிதக்கட்டும். இங்கே பூண்டுக் குழம்பு ஊற்ற அதற்கு அந்த விலை கொடுப்பது வீண்.

சத்துக் கணக்கை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், அது சொல்லும் வித்தியாசம் விளம்பரம் சொல்வதைவிடச் சின்னது. 2023-ஐ ஐ.நா. உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு எதை எடுத்தாலும் மருந்து என்ற பேச்சு கிளம்பிவிட்டது. அதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனப் பட்டியலில் 100 கிராம் வெள்ளை அரிசிக்கு 356 கலோரி, வரகுக்கு 332. பெரிய தள்ளுபடி இல்லை. புரதம் அரிசியில் சுமார் 8 கிராம், வரகில் சுமார் 9. வித்தியாசம் நார்ச்சத்தில்தான் இருக்கிறது: அரிசி 2.8, வரகு 6.4, கேழ்வரகு 11 கிராம். அந்த நார் இருப்பது தவிட்டில். வெள்ளை வெளேர் என்று தீட்டிய வரகரிசியை வாங்கினால் அந்த நாரை மில்காரரிடமே விட்டுவிட்டு வருகிறோம். கொஞ்சம் மங்கலாக, பழுப்பேறி இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். அளவும் அப்படித்தான், அரிசியில் இரண்டு கரண்டி போட்டுக்கொள்பவர் வரகிலும் இரண்டு கரண்டியோடு நிறுத்த வேண்டும்.

எல்லாவற்றையும் சிறுதானியமாக்கும் ஆர்வத்தில் சிலர் வெள்ளைப் பணியாரத்திலும் கைவைக்கிறார்கள். அது வேண்டாம். பச்சரிசி மேல் கூம்பாக உளுந்து அளந்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, எண்ணெயில் மெல்ல ஊற்றிப் பூப்போல எடுப்பது அது. வரகு மாவில் எண்ணெய் குடித்து, நிறமும் கெட்டு வரும். குழிப்பணியாரத்துக்குத் தினையோ சாமையோ தாராளமாகப் போடுங்கள், மிளகாய்ச் சட்டினியோடு யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆடிக் கும்மாயத்தையும் உளுந்தோடும் கருப்பட்டியோடும் அப்படியே விட்டுவிடலாம்.

வாங்கும் அளவு முக்கியம். தோல் நீக்கிய சிறுதானியம் எதுவும், தவிட்டில் இருக்கும் எண்ணெய் காரணமாக, இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். கவுனியும் தீட்டாத அரிசிதான், அதற்கும் இதே கதி. ஐந்து பேர் உள்ள வீட்டில் வாரம் மூன்று மதியம் வரகுச் சோறு என்றால் மாதத்துக்கு நான்கைந்து கிலோ போதும், காற்றுப் புகாத எவர்சில்வர் தூக்கில் காய்ந்த மிளகாய் நாலைப் போட்டு வையுங்கள். கேப்பையை மாவாக வாங்காமல் முழுத் தானியமாக வாங்கி, கழுவிக் காயவைத்து, பதினைந்து நாளைக்கு ஒரு முறை திரித்துக்கொள்ளுங்கள். முதல் வாரமே அரிசியை முழுதாக நிறுத்தாமல் வரகுச் சோற்றைக் குழம்புக்கு மட்டும் வைத்து, ரசத்துக்கும் மோருக்கும் பொன்னியே இருக்கட்டும். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் மாறிய பிறகு ஒரு மாதம் கழித்து ரத்தத்தைப் பரிசோதித்து, மருத்துவரிடம் என்ன சாப்பிடுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். கவுனியை அடுத்த விசேஷத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வாங்கினால் போதும்.